பாட்டில் பாசிட்டிவ் ஆனதிலிருந்து மருந்து மாறும் வரை: இரத்தத் தொற்றுக்கான விரைவு மூலக்கூறு பரிசோதனை, முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் மைக்ரோபயாலஜி லேபில் 14 வருடமாக வேலை செய்கிறேன். ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் பக்கமிருந்து படிப்பு முடித்து வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பரிசோதனையைச் சொல்லிக்கொடுப்பதும் என் பொறுப்பு. நோயாளியின் இரத்தத்தைக் கல்ச்சர் பாட்டிலில் வைத்துக் கிருமியை வளர்ப்போம்; வளர்ந்துவிட்டது என்று இன்குபேட்டர் மெஷின் காட்டினால் பாட்டில் பாசிட்டிவ். அந்தத் திரவத்தைப் பவுச் என்ற சிறு பையில் போட்டு இன்னொரு மெஷினில் ஓட்டினால், கிருமியின் பெயரும் அதன் மருந்து எதிர்ப்பு மரபணுக்களும் டிஎன்ஏ வழியாகத் தெரியும். இந்தச் சோதனைத் தொகுப்பைத்தான் பேனல் என்கிறோம். மெஷினில் பவுச் ஏற்றுவதை ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். தடுமாற்றமெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான். இரத்தம் குறைவாக வரும், பாட்டில் வழியில் கிடக்கும், முடிவைத் தப்பாகப் படிப்பார்கள், போன் தவறான ஆளிடம் போகும். மெஷின் எடுத்துக்கொள்வது ஒரு மணி நேரம். நோயாளிக்கு இழப்பாகும் மணி நேரங்கள் பெரும்பாலும் வேறு இடங்களில் போகின்றன. அதனால் இந்த வழிகாட்டியிலும் அந்த இடங்களில்தான் அதிகம் நிற்கப் போகிறேன்.

லேபில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், ஐசியுவில் இரத்தம் எடுக்கும் சிஸ்டர்களுக்கும், ரிப்போர்ட் வாங்கும் டியூட்டி டாக்டர்களுக்கும் இது பொருந்தும். எந்த மருந்து, எவ்வளவு அளவு என்பது சிகிச்சை தரும் டாக்டரின் முடிவு. முடிவை எப்படிப் படிக்க வேண்டும் என்பது வரைதான் என் எல்லை.

1. கிட் வாங்கும் முன்பே செய்ய வேண்டியவை

முதல் வேலை மெஷின் வாங்குவது இல்லை. தொற்றுநோய் டாக்டர், ஐசியு டாக்டர்கள், மருந்தகம், லேப் எல்லோரும் உட்கார்ந்து ஒரு பக்க அட்டவணை போட வேண்டும்: இந்தக் கிருமி, இந்த எதிர்ப்பு மரபணு வந்தால் என்ன செய்வது, யாரைக் கேட்பது என்று. அது இல்லாவிட்டால் அதிகாலை 3 மணிக்கு வரும் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டியூட்டி டாக்டர் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருப்பார். 2017இல் 31 ஆய்வுகளைத் தொகுத்து வந்த ஒரு பகுப்பாய்வும் இதையே காட்டியது: விரைவுப் பரிசோதனையோடு ஆன்டிபயாடிக் மேற்பார்வைக் குழுவும் இருந்த இடங்களில் இறப்பு தெளிவாகக் குறைந்தது, குழு இல்லாத இடங்களில் அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்து, மின்சாரம். ஏப்ரல், மே மழையில் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஓட்டத்தின் நடுவில் மெஷின் நின்றால் அந்தப் பவுச் வீண். ஒரு பவுச் பல ஆயிரம் ரூபாய். ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில வினாடிகளைத் தாங்க யுபிஎஸ் கட்டாயம் வேண்டும்.

பவுச்களைக் கிட்டில் சொன்ன வெப்பநிலையிலேயே வையுங்கள். பல பேனல்களுக்கு அது 15 முதல் 25 டிகிரி. ஃப்ரிட்ஜில் வைப்பது பாதுகாப்பு என்று நினைத்துப் புதியவர்கள் உள்ளே அடுக்கிவிடுவார்கள், அது தவறு. ஏசி இல்லாத ஸ்டோர் ரூமும் கோடையில் ஆகாது.

எதிர்ப்பு மரபணு என்னவென்று ஏற்கெனவே தெரிந்த சில கிருமிகளைப் பாட்டிலில் வளர்த்து ஓட்டிப் பார்த்த பிறகே நோயாளி சாம்பிளைத் தொடுங்கள். லேப் தணிக்கையில் கேட்பார்கள் என்பதற்காக மட்டும் இல்லை; உங்கள் கையும் கண்ணும் பழக வேண்டும்.

2. இரத்தம் எடுப்பது: எல்லாம் இங்கே தொடங்குகிறது

பெரியவர்களின் இரத்தத் தொற்றில் ஒரு மில்லி இரத்தத்தில் பல நேரம் பத்துக்கும் குறைவான கிருமிகளே இருக்கும், சில நேரம் ஒன்றிரண்டுதான். நேராக இரத்தத்தில் பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் முறை) செய்வது கடினமாக இருப்பதற்கும், நாம் முதலில் பாட்டிலில் வளர்ப்பதற்கும் காரணம் இதுதான். பாட்டில் பாசிட்டிவ் ஆகும்போது ஒரு மில்லியில் கோடிக்கணக்கில் இருக்கும். அதன் பிறகு பேனலுக்கு வேலை சுலபம்.

அதனால் அளவு முக்கியம். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலில் 8 முதல் 10 மில்லி, குறைந்தது இரண்டு செட் (ஒரு செட் என்றால் காற்றுள்ள ஏரோபிக் ஒன்று, காற்றில்லா அனரோபிக் ஒன்று), இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி எடுக்க வேண்டும். ஒரே செட் எடுத்தால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தொற்று கைநழுவிப் போகும். தவிர, தோலிலிருந்து வந்த கிருமியா, உண்மையான தொற்றா என்று பிரித்தறியவும் இரண்டாவது செட் வேண்டும். குழந்தைகளுக்குத் தனிப் பாட்டில். அளவு எடையைப் பொறுத்தது.

எங்கள் லேபுக்கு வந்த பாட்டில்களை ஒரு வாரம் எடை போட்டுப் பார்த்தோம். காலிப் பாட்டிலின் எடையைக் கழித்தால் எவ்வளவு இரத்தம் என்று தெரிந்துவிடும். வார்டிலிருந்து வந்தவற்றில் பல 3, 4 மில்லிதான். பாட்டிலின் பக்கவாட்டில் மார்க்கரால் கோடு போட்டு, "இதுவரை" என்று எழுதி அனுப்ப ஆரம்பித்த பிறகுதான் நிலைமை மாறியது. செலவில்லாத வேலை, இன்றே செய்யலாம்.

வரிசை இப்படி. பாட்டில் மூடியைத் திறந்து ரப்பரை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்துக் காய விடுங்கள். பிளாஸ்டிக் மூடியைத் திறந்ததும் ரப்பர் சுத்தமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறார்கள். அது கிருமி நீக்கப்பட்டது இல்லை. தோலை ஆல்கஹால் கலந்த 2 சதவீத குளோர்ஹெக்ஸிடினால் 30 வினாடி தேய்த்து, இன்னொரு 30 வினாடி காய விடுங்கள். காயும்போதுதான் அது வேலை செய்கிறது. ஊதக் கூடாது, பஞ்சால் ஒற்றவும் கூடாது. துடைத்த பிறகு நரம்பைத் தேடி மறுபடி விரல் வைப்பது ரொம்பச் சாதாரணமாக நடக்கும் தவறு. தேட வேண்டியிருந்தால் துடைக்கும் முன்பே தேடிக்கொள்ளுங்கள்.

பட்டர்ஃபிளை ஊசியில் எடுத்தால் ஏரோபிக் பாட்டில் முதலில், ஏனென்றால் குழாயில் உள்ள காற்று அதில் போகட்டும். சிரிஞ்சில் எடுத்தால் அனரோபிக் முதலில். இரத்தம் போதாது என்று தோன்றினால் எப்படி எடுத்தாலும் ஏரோபிக்கை முதலில் நிரப்புங்கள். மற்ற டெஸ்ட் டியூப்களுக்கு முன்பே கல்ச்சர் பாட்டில் நிரம்ப வேண்டும்.

ஆன்டிபயாடிக் போடும் முன்பே எடுக்க வேண்டும். ஆனால் ஷாக்கில் இருக்கும் நோயாளிக்கு, கல்ச்சர் எடுக்க முடியவில்லை என்று மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் எடுக்கட்டும், மற்றவர் மருந்தைத் தயார் செய்யட்டும்.

கடைசியாக, லேபிள். பாட்டிலின் சொந்த பார்கோடு மேல் நோயாளி லேபிளை ஒட்டிவிடுகிறார்கள். மெஷின் படிக்காது, ராத்திரி யாராவது நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். எடுத்த நேரம், எந்தக் கை, புதிதாகக் குத்தியதா, சென்ட்ரல் லைனா என்று எழுதுங்கள். அந்தத் தகவல் இல்லாமல் 7ஆம் பிரிவில் சொல்லும் எதையும் சரியாகப் படிக்க முடியாது.

3. லேபுக்குக் கொண்டுவருவது

எடுத்த 2 மணி நேரத்துக்குள் பாட்டில் இன்குபேட்டர் மெஷினுக்குள் போக வேண்டும். ஃப்ரிட்ஜோ ஐஸோ கூடாது. சாம்பிள் என்றாலே ஐஸ் பெட்டி என்ற பழக்கம் கைகளில் ஊறிப்போயிருக்கிறது. நிமோகாக்கஸ் போன்ற மென்மையான கிருமிகள் குளிரில் செத்துவிடும். வெளியே நெடுநேரம் கிடந்தாலும் தொல்லைதான்: கிருமி வழியிலேயே பெருகிவிட்டால், வளர்ச்சியின் ஏற்றத்தைப் பார்த்து எச்சரிக்கும் மெஷின் அதைத் தவறவிடலாம்.

கிளை மருத்துவமனையிலிருந்து பைக்கில் சாம்பிள் வரும் லேப்கள் சில்க் போர்டு சந்திப்பை மறந்துவிட்டுக் கணக்குப் போடக் கூடாது. மாலை 6 மணிக்குக் கிளம்பும் பை எப்போது வந்து சேரும் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். நாளுக்கு இரண்டு முறை மொத்தமாக அனுப்புவதை விட்டுவிட்டு, கல்ச்சர் பாட்டிலுக்கு மட்டும் உடனே ஆள் அனுப்புவது நல்லது. கிளையிலேயே ஒரு சின்ன இன்குபேட்டர் மெஷின் வைக்க முடிந்தால் அதைவிட நல்லது.

4. பாட்டில் பாசிட்டிவ் ஆனதும்: கிராம் ஸ்டெயின்

மெஷின் கூப்பிட்டதும் நேரத்தைக் குறியுங்கள். பாட்டிலை வெளியே எடுத்து, பயோசேஃப்டி கேபினெட்டுக்குள் (கிருமி வெளியே பரவாமல் காற்றை வடிகட்டும் பெட்டி) வைத்துத்தான் திறக்க வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. புருசெல்லாவும் மெலியாய்டோசிஸ் கிருமியும் நம் பக்கத்தில் இருப்பவை. மெலியாய்டோசிஸ் கர்நாடகக் கடற்கரையிலும் வேலூரிலும் தெரிந்த நோய். இரண்டுமே லேப் ஆளுக்குத் தொற்றக்கூடியவை. பாட்டிலில் என்ன இருக்கிறது என்று நமக்கு இன்னும் தெரியாது.

பாட்டிலை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கி, ரப்பரைத் துடைத்து, ஸ்லைடு போடுங்கள். அதே கையோடு பிளட் அகர், மெக்கான்கி, சாக்லேட் அகர் என்ற கிருமி வளர்க்கும் தட்டுகளிலும் கோடு இழுத்துவிடுங்கள். பேனல் முடிவு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தட்டைத் தள்ளிப்போட்டால், மறுநாள் காலனி (தட்டில் திட்டாக வளர்ந்த கிருமி) கிடைப்பதும் அதே அளவு தள்ளிப்போகும்.

கிராம் ஸ்டெயினை (கிருமிக்குச் சாயமேற்றி, ஊதா என்றால் பாசிட்டிவ், சிவப்பு என்றால் நெகட்டிவ் என்று பிரிக்கும் முறை) அவசரத்தில் கெடுத்துவிடாதீர்கள். நிறம் நீக்கும் படியில் 2, 3 வினாடி கூடினாலும் குறைந்தாலும் படம் மாறிவிடும். அசினெட்டோபாக்டர் என்ற கிராம் நெகட்டிவ் கிருமி ஊதா நிறத்தைப் பிடித்துக்கொண்டு கிராம் பாசிட்டிவ் காக்கஸ் (உருண்டைக் கிருமி) போலக் காட்டும். எங்கள் லேபில் புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். மெல்லிய மணல் தூவினாற்போல, மங்கலாக, மிகச் சிறிய கிராம் நெகட்டிவ் புள்ளிகள் தெரிந்தால் உடனே சீனியரைக் கூப்பிடுங்கள். அது புருசெல்லாவாக இருக்கலாம், பேனலில் அது கிடையாது.

ஸ்லைடு முடிவை உடனே போனில் சொல்ல வேண்டும். பேனலோடு சேர்த்துச் சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். கிராம் பாசிட்டிவ் கிருமிகளுக்கான வான்கோமைசின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு "கிராம் நெகட்டிவ் பேசிலஸ்" (கோல் வடிவக் கிருமி) என்ற மூன்று சொல்லே மருந்தை மாற்றப் போதும்.

5. எந்தப் பாட்டிலுக்குப் பேனல் போடுவது

எல்லாப் பாட்டிலுக்கும் போட யாராலும் முடியாது. நோயாளிக் குடும்பம் கையிலிருந்து கட்டும் பணம் அது. எங்கள் முறை இது: ஒரு நோயாளிக்கு ஒரு தொற்றில், முதலில் பாசிட்டிவ் ஆன பாட்டில் ஒன்றுக்கு மட்டும். இரண்டாவது பாட்டிலில் ஸ்லைடு வேறு மாதிரி இருந்தால்தான் மறுபடி.

ஐசியு, பச்சிளங்குழந்தைப் பிரிவு, கீமோ எடுத்து வெள்ளணு குறைந்தவர்கள், உறுப்பு மாற்றம் செய்தவர்கள்: இவர்களுக்குக் கேட்காமலே போடுகிறோம். வார்டில் நிலையாக இருப்பவருக்கு, நான்கு பாட்டிலில் ஒன்றில் மட்டும், 30 மணி நேரம் கழித்துக் கொத்துக் கொத்தான கிராம் பாசிட்டிவ் காக்கஸ் வந்தால், பெரும்பாலும் அது தோல் கிருமி. அங்கே பெரிய பேனல் தேவையில்லை. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸா, இல்லையா என்ற ஒரே கேள்விக்குப் பதில் கிடைத்தால் போதும். காசநோய்க்காக ஜீன்எக்ஸ்பெர்ட் மெஷின் பல லேபில் ஏற்கெனவே நிற்கிறது. அதிலேயே ஓடும் ஆரியஸ், எம்ஆர்எஸ்ஏ (மெத்திசிலின் எதிர்ப்புள்ள ஆரியஸ்) கார்ட்ரிட்ஜ், பாசிட்டிவ் பாட்டிலிலிருந்து ஒரு மணி நேரத்தில் அந்தப் பதிலைத் தரும்.

அதே மெஷினின் கார்பா-ஆர் கார்ட்ரிட்ஜ் கார்பாபெனிமேஸ் (மெரோபெனெம் போன்ற கார்பாபெனெம் மருந்துகளை உடைக்கும் நொதி) மரபணுக்கள் ஐந்தைப் பார்க்கும். ஆனால் அது மலக்குடல் ஸ்வாபுக்கும் தனித்து வளர்ந்த காலனிக்கும் என்று உருவாக்கப்பட்டது. பாட்டில் திரவத்தை நேராக அதில் போட விரும்பினால், முதலில் உங்கள் லேபிலேயே சரிபார்த்து ஆவணப்படுத்த வேண்டும். யாரோ செய்கிறார்கள் என்பதற்காகச் செய்யாதீர்கள்.

6. பேனலை ஓட்டுவது

இந்தப் பகுதி கிட்டோடு வரும் தாளில் விரிவாக இருக்கும். மெஷினுக்கு மெஷின் மாறவும் செய்யும். நான் பார்த்த தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மேசையைப் புதிதாகக் கலந்த பிளீச்சால் துடைத்து, கையுறையை மாற்றிய பிறகு தொடங்குங்கள். சற்று முன் ஸ்லைடு போட்ட அதே கையுறையில் கோடிக்கணக்கான கிருமிகளின் டிஎன்ஏ இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு சாம்பிள்தான். இரண்டு பாட்டிலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏற்றும்போது மாறிப்போனால், அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

பவுச் உறையைக் கடைசியில் திறங்கள். முதலில் நோயாளி எண்ணைப் பவுச்சில் ஒட்டுங்கள், கையால் தட்டாமல் ஸ்கேன் செய்யுங்கள். நீரேற்றும் கரைசல் முதலில், சாம்பிள் பிறகு. பயோஃபயர் நிறுவனத்தின் பேனலுக்கு வேண்டியது 0.2 மில்லி, "கொஞ்சம் கூட இருந்தால் நல்லது" என்று அதிகம் போடாதீர்கள், அதிக இரத்தமும் அதிக டிஎன்ஏவும் வினையைத் தடுக்கும். கரி கலந்த கல்ச்சர் பாட்டில்கள் இதற்கு ஆகாது. ஓட்டம் முடிந்து உள் கட்டுப்பாடு (பவுச்சுக்குள்ளேயே இருக்கும் சரிபார்ப்பு) தவறியிருந்தால் எந்த முடிவையும் வெளியே சொல்லாதீர்கள். புதுப் பவுச்சில் திரும்ப ஓட்டுங்கள்.

7. முடிவைப் படிப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். பயோஃபயரின் இரண்டாம் தலைமுறை இரத்தக் கல்ச்சர் பேனல் 43 இலக்குகளைப் பார்க்கிறது: 33 கிருமிகள், 10 எதிர்ப்பு மரபணுக்கள். வேறு பேனல்களில் எண்ணிக்கை மாறும். உங்கள் பேனலில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதை எழுதி மெஷினுக்கு மேல் ஒட்டுங்கள்.

முதலில் கிராம் ஸ்டெயினோடு ஒப்பிடுங்கள். ஸ்லைடில் தெரிந்ததும் பேனல் சொல்வதும் ஒத்துப்போகிறதா? ஸ்லைடில் கிராம் பாசிட்டிவ் மட்டும், பேனலில் கூடவே ஒரு கிராம் நெகட்டிவ் என்றால் மூன்று வாய்ப்பு: உண்மையிலேயே இரண்டு கிருமிகள், கையுறை வழியாக வந்தது, அல்லது பாட்டில் ஊடகத்தில் செத்த கிருமியின் டிஎன்ஏ இருந்தது. மூன்றாவதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. பாட்டிலில் உயிருள்ள கிருமி இல்லாவிட்டாலும், தயாரிப்பின்போது மிஞ்சிய டிஎன்ஏவைப் பிசிஆர் பிடித்துவிடும். ஸ்லைடைத் திரும்பப் பாருங்கள், தட்டில் வளர்கிறதா பாருங்கள். ஒரே லாட் பாட்டில்களில் அதே எதிர்பாராத கிருமி திரும்பத் திரும்ப வந்தால் லாட் எண்ணைக் குறித்து மேலே சொல்லுங்கள். அதுவரை ரிப்போர்ட்டில் "ஸ்லைடில் காணப்படவில்லை, கல்ச்சர் உறுதி செய்ய வேண்டும்" என்று சேர்த்து எழுதுங்கள்.

ஸ்லைடில் கிருமி இருக்கிறது, பேனலில் எதுவுமே இல்லை என்றால், பெரும்பாலும் பேனலில் இல்லாத கிருமி என்று பொருள். பரிசோதனை தோற்றுவிட்டது என்று நினைத்து இன்னொரு பவுச்சை வீணாக்காதீர்கள். பர்க்கோல்டேரியா (மெலியாய்டோசிஸ் கிருமி), புருசெல்லா இரண்டையும் மனதில் வைத்து, தட்டுகளை கேபினெட்டுக்குள்ளேயே கையாளுங்கள்.

இப்போது எதிர்ப்பு மரபணுக்கள். மரபணு கண்டறியப்பட்டால் அதை நம்பி நடக்கலாம். கண்டறியப்படவில்லை என்றால் அந்த மருந்து வேலை செய்யும் என்று அர்த்தம் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டில்தான் நான் பார்த்த பெரிய தவறுகள் எல்லாம் நடந்தன.

அசினெட்டோபாக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அதன் கார்பாபெனெம் எதிர்ப்புக்கு முதன்மைக் காரணம் ஆக்ஸா-23 என்ற மரபணு. மேலே சொன்ன பேனலில் அது கிடையாது. அசினெட்டோபாக்டர் பாசிட்டிவ், கார்பாபெனிமேஸ் எல்லாம் "கண்டறியப்படவில்லை" என்று தாள் வெளியே போனால், பார்ப்பவர் மெரோபெனெம் போதும் என்று நினைப்பார். ஒரு முறை அப்படியே நடந்தது. மறுநாள் தட்டில் மெரோபெனெம் வட்டை (மருந்து ஏற்றிய சிறு காகிதத் துண்டு) சுற்றி ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லாமல் புல்வெளி போல வளர்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. அன்றிலிருந்து அசினெட்டோபாக்டருக்கு ஒரு நிலையான குறிப்பு வைத்திருக்கிறோம்: "இந்தக் கிருமியின் பொதுவான எதிர்ப்பு மரபணுவை இந்தப் பேனல் பார்ப்பதில்லை, மெரோபெனெம் வேலை செய்யும் எனக் கொள்ள வேண்டாம்."

சூடோமோனாஸும் அப்படித்தான். மருந்து நுழையும் வாசலை அடைத்தோ, உள்ளே வந்ததை வெளியே தள்ளியோ அது எதிர்க்கும். எந்தக் கார்பாபெனிமேஸ் மரபணுவும் தேவையில்லை. கோலிஸ்டினுக்கும் இதே கதை. பேனல் எம்சிஆர்-1 என்ற எதிர்ப்பு மரபணுவைப் பார்க்கும். ஆனால் நம் க்ளெப்சியெல்லாக்களில் கோலிஸ்டின் எதிர்ப்பு பெரும்பாலும் குரோமோசோம் மாற்றங்களால் வருவது, அது பேனலில் தெரியாது.

க்ளெப்சியெல்லாவிலும் ஈ. கோலையிலும் வரும் மரபணுக்களைப் பிரித்துப் படியுங்கள். சிடிஎக்ஸ்-எம் (செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளை உடைக்கும் நொதியின் மரபணு) வந்தால் செஃப்ட்ரியாக்சோனை நம்ப முடியாது. அதற்குப் பதிலாகப் பிப்பராசில்லின்-டாசோபாக்டம் போதுமே என்று கேட்பவர்களுக்கு: 2018இல் வெளியான மெரினோ ஆய்வில், செஃப்ட்ரியாக்சோன் எதிர்ப்புள்ள இரத்தத் தொற்றில் 30 நாள் இறப்பு பிப்பராசில்லின்-டாசோபாக்டமோடு 12.3 சதவீதம், மெரோபெனெமோடு 3.7 சதவீதம். சிடிஎக்ஸ்-எம் வரவில்லை என்றாலும் செஃப்ட்ரியாக்சோன் உறுதி இல்லை. வேறு வகை எதிர்ப்பு இருக்கலாம்.

கார்பாபெனிமேஸில் எந்த மரபணு என்பதில்தான் மருந்தே மாறுகிறது. கேபிசி, ஆக்ஸா-48 வகை இரண்டையும் அவிபாக்டம் அடக்கும். ஆகவே செஃப்டாசிடிம்-அவிபாக்டம் பேசப்படும். என்டிஎம்மை அவிபாக்டம் அடக்காது. என்டிஎம் அஸ்ட்ரியோனாமை உடைக்காது. ஆனால் அதே கிருமியில் இருக்கும் சிடிஎக்ஸ்-எம் உடைத்துவிடும். அதனால்தான் செஃப்டாசிடிம்-அவிபாக்டமையும் அஸ்ட்ரியோனாமையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்: அவிபாக்டம் சிடிஎக்ஸ்-எம்மை அடக்க, அஸ்ட்ரியோனாம் வேலை செய்யும். என்டிஎம்மும் ஆக்ஸா-48 வகையும் ஒரே க்ளெப்சியெல்லாவில் சேர்ந்து வருவது நம் ஊரில் அரிது இல்லை. ஆகவே "கார்பாபெனிமேஸ் பாசிட்டிவ்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். எது, எத்தனை என்று பெயர் சொல்லுங்கள். என்டிஎம் உள்ள ஈ. கோலைகள் சிலவற்றில் மருந்து ஒட்டும் புரதமே மாறியிருக்கும், அப்போது இந்தக் கூட்டு மருந்தும் பலவீனமாகிவிடும். அதைச் சொல்லத் தட்டுதான் வேண்டும்.

ஒரே பாட்டிலில் இரண்டு கிராம் நெகட்டிவ் கிருமிகளும் ஒரு மரபணுவும் வந்தால், மரபணு யாருடையது என்று பேனலால் சொல்ல முடியாது. நீங்களும் ஊகித்து எழுதாதீர்கள்.

ஸ்டாஃபிலோகாக்கஸில் விஷயம் கொஞ்சம் தெளிவு. ஆரியஸ் வந்து எதிர்ப்பு மரபணு இல்லை என்றால், வான்கோமைசினிலிருந்து செஃபசோலின் போன்ற மருந்துக்கு மாறுவது நோயாளிக்கு நல்லது. அதை ஒரு நாள் முன்பே செய்ய முடிகிறது என்பது இந்தப் பரிசோதனையின் பெரிய பலன். "ஸ்டாஃபிலோகாக்கஸ் இனம்" என்று மட்டும் வந்தால், அந்தப் பேனல் மெக்-ஏ (மெத்திசிலின் எதிர்ப்பு மரபணு) பற்றி எதுவும் சொல்லாது. அந்தக் கட்டம் "பொருந்தாது" என்று வருவதை "இல்லை" என்று படித்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு.

டைஃபாய்டும் நமக்கு அன்றாடம். பேனல் சால்மோனெல்லா என்று சொல்லும், அவ்வளவுதான். சிப்ரோஃப்ளாக்சசின் எதிர்ப்பு இங்கே மிகப் பரவலானது. அதற்குக் காரணமான மாற்றங்களைப் பேனல் பார்ப்பதில்லை.

8. போன்: யாரிடம், எப்படி

சில வருடம் முன், இப்போது இருக்கும் இடம் இல்லை, நான் நைட் டியூட்டி. 1.40க்குப் பாட்டில் கூப்பிட்டது. 3.20க்கு முடிவு: க்ளெப்சியெல்லா நிமோனியே, சிடிஎக்ஸ்-எம், என்டிஎம், ஆக்ஸா-48 வகை. ஐசியுவுக்குப் போன் போட்டேன். எடுத்தவர், "சரி, சொல்லிடறேன்" என்றார். நான் "தெரிவிக்கப்பட்டது" என்று எழுதி வைத்தேன். காலை 10 மணிக்குப் பெரிய டாக்டர் கூப்பிட்டு, "இது எப்போ வந்துச்சு?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது, யாரிடமும் போய்ச் சேரவில்லை. அந்த 6 மணி 40 நிமிடமும் நோயாளிக்கு மெரோபெனெம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

போன் எடுத்தவர் மேல் குற்றம் இல்லை. யாரிடம் பேசினேன், அவர் என்ன புரிந்துகொண்டார் என்று நான் கேட்கவே இல்லை. இப்போது என் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தருவது இப்படி:

"டாக்டர், மைக்ரோபயாலஜியிலிருந்து பேசறேன். உங்க பேர் சொல்லுங்க, எழுதிக்கறேன். பெட் 7, நோயாளி எண் சொல்றேன், சரிபாருங்க. பிளட் கல்ச்சர் பேனல் முடிவு: க்ளெப்சியெல்லா நிமோனியே. என்டிஎம் இருக்கு, ஆக்ஸா-48 இருக்கு. மெரோபெனெம் தனியா போதாதுன்னு அட்டவணை சொல்லுது. நீங்க ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க."

பெயரை மட்டும் வைத்துப் பேசாதீர்கள். ஒரே ஐசியுவில் இரண்டு மஞ்சுநாத், இரண்டு லட்சுமி இருப்பது பெங்களூரில் சாதாரணம். தமிழும் கன்னடமும் மலையாளமும் இந்தியும் கலந்து ஓடும் அந்த லைனில், எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வதுதான் பத்திரம். டாக்டர் கிடைக்கவில்லை என்றால் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு விடாதீர்கள். 10 நிமிடத்தில் மறுபடி கூப்பிடுங்கள், அதன் பிறகு அடுத்த பெயருக்குப் போங்கள். யார் அடுத்தவர் என்பது 1ஆம் பிரிவில் போட்ட பட்டியலில் இருக்க வேண்டும்.

9. கல்ச்சர் நிற்கக் கூடாது: தட்டும் வட்டும்

பேனல் முடிவு வந்ததும் பாட்டில் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். எந்த மருந்து வேலை செய்யும் என்பதை வளர்ந்த கிருமிதான் சொல்லும். அதற்கு 24 மணி நேரம் காத்திருக்கவும் வேண்டாம்.

யூகாஸ்ட் (மருந்துப் பரிசோதனை அளவுகோல்களை வகுக்கும் ஐரோப்பியக் குழு) தரும் விரைவு வட்டு முறையை எல்லா லேபும் செய்யலாம். பாசிட்டிவ் பாட்டிலிலிருந்து நீர்க்காத திரவம் 125 மைக்ரோலிட்டர், ஒரு முல்லர்-ஹின்டன் தட்டில் பரப்பி, வட்டுகளை வைத்து, 35 டிகிரியில் விட்டு 4, 6, 8 மணி நேரத்தில் அளக்க வேண்டும். நேரம் 5 நிமிடத்துக்கு மேல் பிசகக் கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு நேரத்துக்கும் தனி அளவுகோல். அந்த அளவுகோல் கிருமிக்குக் கிருமியும் மாறும். கிருமி எதுவென்று தெரியாமல் படிக்க முடியாது. அதைத்தான் பேனல் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிட்டதே. இரண்டும் சேரும்போது, ராத்திரி 2 மணிக்குப் பாசிட்டிவ் ஆன பாட்டிலுக்குக் காலை 10 மணிக்குள் கிருமியின் பெயர், மரபணு, சில மருந்துகளின் நேரடி முடிவு எல்லாம் கைக்கு வந்துவிடும். வட்டுக்கும் தட்டுக்கும் ஆகும் செலவு பவுச்சோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பேனல் வாங்க முடியாத லேப்கூட இதைத் தொடங்கலாம். 4 முதல் 6 மணி நேர வளர்ச்சியில் மால்டி-டாஃப் (புரதங்களின் எடையை வைத்துக் கிருமியை அடையாளம் காணும் கருவி) வழியாகக் கிருமியின் பெயர் கிடைத்தால் போதும்.

விளிம்பு மங்கலாக இருந்தால் படிக்காதீர்கள், அடுத்த நேரத்துக்கு விடுங்கள். சந்தேகப் பகுதிக்குள் விழும் அளவை ரிப்போர்ட் செய்யாதீர்கள்.

மறுநாள் முழுமையான மருந்துப் பரிசோதனை வந்ததும் பேனலோடு ஒப்பிடுங்கள். மரபணு இருக்கிறது, ஆனால் தட்டில் மருந்து வேலை செய்கிறது என்று காட்டினால், காலனியிலிருந்து மறுபடி சோதியுங்கள்; கலப்புக் கிருமியா என்று பாருங்கள். அதுவரை எதிர்ப்பு இருப்பதாகவே கருதச் சொல்லுங்கள். இப்படி முரண்பட்ட கிருமிகளை மைனஸ் 70 டிகிரியில் சேமித்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

பாட்டிலையும் தட்டையும் லேபிலேயே ஆட்டோகிளேவ் செய்த பிறகே வெளியே அனுப்ப வேண்டும். 2016 மருத்துவக் கழிவு விதிகள் சொல்வதும் அதுதான்.

10. ஐந்து நேரங்களை எழுதுங்கள்

ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஐந்து நேரம்: இரத்தம் எடுத்தது, இன்குபேட்டர் மெஷினில் ஏற்றியது, பாசிட்டிவ் ஆனது, முடிவைப் போனில் சொன்னது, மருந்து மாறியது. முதல் நான்கு லேபிலேயே கிடைக்கும். ஐந்தாவதுக்கு வார்டு கேஸ் ஷீட்டைப் பார்க்க வேண்டும். சலிக்காமல் போய்ப் பாருங்கள்.

மாதத்துக்கு ஒரு முறை இதை ஒரு தாளில் போட்டு டாக்டர்களோடு உட்காருங்கள். எங்களிடம் முதல் மாதம் பார்த்தபோது, பேனல் மெஷின் ஓட்டம் எல்லாவற்றிலும் ஒரு மணி நேரம்தான். இரத்தம் எடுத்ததிலிருந்து ஏற்றும் வரை சில பாட்டில்களுக்கு 5 மணி நேரம் போயிருந்தது, பெரும்பாலும் ராத்திரி 9 மணிக்கு மேல் வார்டில் எடுத்தவை. காரணம் தேடிப் போனால், அந்த நேரத்தில் சாம்பிள் எடுத்துவர ஆள் கிடையாது. காலை ஷிஃப்ட் வந்துதான் பாட்டில்கள் கீழே இறங்கின. ராத்திரிக்கு ஒரு அட்டெண்டரைப் போட்டார்கள். அடுத்த மாதத் தாளில் அந்த 5 மணி நேரம் ஒன்றரை மணி நேரமாக இருந்தது.